கோபம் செல்லும் இடம்

"வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் உணர்ச்சிவசப்படுவதைக் குறைத்துக்கொள்ள வேண்டும்." என் அப்ரைசல் படிவத்தில் மேனேஜர் எழுதிய இந்த இரண்டு வரியும் எனக்கு மனப்பாடம். மூன்று வருடம் ஆகிவிட்டது. அந்த மேனேஜர் வேறு இடத்துக்குப் போய்விட்டார், நான் டீம் மாறிவிட்டேன், இப்போது எனக்குக் கீழேயே ஆறு பேர் வேலை செய்கிறார்கள். ஆனாலும் அந்த இரண்டாவது வரி செருப்புக்குள் புகுந்த பரல் மாதிரி நடக்கும்போதெல்லாம் உறுத்துகிறது. உதறிப் பார்த்தும் போகவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். ஒரு கிளையண்டுக்குப் போக வேண்டிய அறிக்கை இரண்டு நாள் தாமதமாகிவிட்டது. எங்களுக்கு வந்து சேர வேண்டிய தரவே கடைசி நாள் சாயங்காலம்தான் வந்தது, அதற்கு மெயில் இருந்தது. மீட்டிங்கில் பத்துப் பதினோரு பேர் உட்கார்ந்திருந்தோம். மேனேஜர் உள்ளே வந்த வேகத்தில் கையிலிருந்த நோட்டை மேஜையில் ஓங்கி அறைந்தார். டீமிலேயே வயதில் சின்ன பெண்ணைப் பார்த்து, "இதைக்கூட முடிக்க முடியலைன்னா எதுக்கு வர்றீங்க?" என்று கத்தினார். அவள் நிமிரவே இல்லை. லேப்டாப்பின் விளிம்பைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருந்தாள், அங்கே ஏதோ கறை இருப்பது போல. நான், "சார், அது அவங்க தப்பு இல்ல. தரவு வந்ததே லேட். மெயிலைக் காட்டட்டுமா?" என்றேன். சொன்னது அவ்வளவுதான். ஆனால் 'தரவு' என்று சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. கண் கலங்கியது எனக்கே தெரிந்தது.

வெளியே வந்ததும் இரண்டு பேர் ஆறுதலாகப் பேசினார்கள். மேஜையை அறைந்தவரைப் பற்றி, "சார் கொஞ்சம் வேகமானவர், வேலைன்னு வந்துட்டா கறார்" என்றார்கள். என்னைப் பற்றி, "நீங்க ஏன் இவ்வளவு எமோஷனல் ஆயிட்டீங்க?" என்றார்கள். ஒரே அறை, அதே ஐந்து நிமிடம், இரண்டு பேருக்கும் ரத்தம் கொதித்திருக்கிறது. அவருடையது வேகம், என்னுடையது உணர்ச்சி. அப்புறம் அது படிவத்திலும் ஏறிவிட்டது.

இது என் மனப்பிரமையோ என்று நானே ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். 2008இல் விக்டோரியா பிரெஸ்கால், எரிக் உல்மன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வைப் படித்தபோதுதான் கொஞ்சம் நிம்மதி வந்தது. வேலையிடத்தில் கோபப்படும் ஆணையும் பெண்ணையும் மற்றவர்கள் எப்படி எடைபோடுகிறார்கள் என்பதுதான் அவர்கள் பார்த்தது. கோபப்பட்ட ஆணுக்கு மதிப்பு கூடுகிறது, கோபப்பட்ட பெண்ணுக்குக் குறைகிறது. என்னை நிறுத்தி வைத்தது அதற்கு அவர்கள் கண்ட காரணம். ஆண் கோபப்பட்டால் 'என்ன நடந்ததோ' என்று காரணத்தை வெளியே தேடுகிறார்கள். பெண் கோபப்பட்டால் 'இவள் சுபாவமே இப்படித்தான்' என்று காரணத்தை அவளுக்குள்ளேயே வைத்துவிடுகிறார்கள். இன்னது நடந்ததால்தான் கோபம் வந்தது என்று வெளிப்படையாகத் தெரிந்தால் அந்த வித்தியாசம் குறைந்துவிடுகிறது. காரணம் உள்ளேயா வெளியேயா என்ற இந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருகிறேன்.

இன்னொரு மகன்

அப்ரைசல் முடிந்த கையோடு என்னை அரை நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். மூச்சை இழுத்து விடுவது, பத்து எண்ணுவது, மெயிலுக்கு உடனே பதில் போடாமல் ஆறப்போடுவது, வந்திருக்கும் உணர்வுக்கு மனதுக்குள் ஒரு பெயர் வைப்பது. இவை உதவாது என்று நான் சொல்ல மாட்டேன். பெயர் வைப்பதை இன்றும் செய்கிறேன். 'இது கோபம் இல்லை, பயம்' என்று சரியாகக் கண்டுபிடித்துவிட்டாலே நெஞ்சுப் படபடப்பு பாதி அடங்கிவிடும். ஆனால் அந்த அரை நாளில் ஒருமுறைகூட, 'உங்களுக்குக் கோபம் வரும்படி அங்கே என்ன நடந்தது?' என்று யாரும் கேட்கவில்லை.

இந்தப் பேச்சு அலுவலகங்களுக்குள் வந்து அதிக காலம் ஆகவில்லை. 'உணர்வு நுண்ணறிவு', அதாவது தன் உணர்வையும் பிறர் உணர்வையும் புரிந்து கையாளும் திறன், என்ற கருத்தை பீட்டர் சலோவே, ஜான் மேயர் இருவரும் 1990இல் ஒரு கட்டுரையில் முன்வைத்தார்கள். 1995இல் டேனியல் கோல்மன் எழுதிய புத்தகம் அதை ஊரறியச் செய்தது. அதற்கும் முன்பே, 1983இல், ஆர்லி ஹாக்‌ஷீல்ட் என்ற சமூகவியலாளர் இதே விஷயத்தை எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்துவிட்டார். விமானப் பணிப்பெண்களின் பயிற்சி வகுப்புகளில் போய் உட்கார்ந்தார். விமானத்தை உங்கள் வீட்டு வரவேற்பறையாக நினைத்துக்கொள்ளுங்கள், கத்தும் பயணியை ஒரு குழந்தையாக நினைத்துக்கொள்ளுங்கள் என்று அங்கே சொல்லிக்கொடுத்தார்கள். முகத்தில் மட்டும் சிரிப்பை வரவழைப்பது ஒரு வகை. சிரிப்பு தானாக வரும்படி மனதையே வளைத்துக்கொள்வது இன்னொரு வகை. இரண்டும் உழைப்புதான், இரண்டுக்கும் கூலி கணக்கில் ஏறுவதில்லை. அவர் கடன் வசூலிப்பவர்களையும் பார்த்தார். அவர்கள் வேலை நேர் எதிர்: முகத்தைக் கடுமையாக்கி, எதிராளியைக் கூனிக் குறுக வைப்பது. சம்பளத்துக்காக ஒருவர் பணிய வேண்டும், இன்னொருவர் சீற வேண்டும். உணர்ச்சி என்பது தனி மனிதரின் சுபாவம் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, அது பதவியோடு சேர்ந்து வரும் சீருடை மாதிரியும் இருக்கலாம் என்று அங்கேதான் உறைத்தது.

ஆனால் பணிந்து சிரிப்பதன் உச்சம் என்று எனக்குத் தோன்றுவது இரண்டாயிரம் வருடப் பழைய கதை. ரோமாபுரியில் செனெகா என்ற தத்துவ அறிஞர் கோபத்தைப் பற்றி எழுதியதில் வருகிறது. அரசவையிலேயே இருந்து கிழவனான ஒருவனிடம், அங்கே யாருக்கும் வாய்க்காத முதுமை உனக்கு எப்படி வாய்த்தது என்று கேட்கிறார்கள். அவமானங்களை வாங்கிக்கொண்டு நன்றி சொல்லி வந்தேன், அப்படித்தான் என்கிறான். உடனே அடுத்த கதை. பேரரசன் கலிகுலா, பாஸ்டர் என்பவரின் மகனைச் சிறையில் போடுகிறான். அந்தப் பையனின் நேர்த்தியான உடையும் தலைமுடியும் பிடிக்கவில்லை என்பதுதான் குற்றம். மகனை விட்டுவிடும்படி அப்பா கெஞ்சுகிறார். கெஞ்சியதும் கொல்ல உத்தரவு போகிறது. அதே நாள் இரவு அப்பாவை விருந்துக்கு வரச் சொல்கிறான். பாஸ்டர் போகிறார். அரசன் கோப்பையை நீட்டுகிறான், முகத்தைக் கவனிக்கப் பக்கத்தில் ஓர் ஆளையும் நிறுத்தியிருக்கிறான். மகனின் ரத்தத்தையே குடிப்பது போல இருந்தும், முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல் அவர் குடித்து முடிக்கிறார். ஏன்? அவருக்கு இன்னொரு மகன் இருந்தான், என்கிறார் செனெகா.

இதைப் படித்த அன்றைக்கு இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. உணர்ச்சியைக் கட்டுப்படுத்திய மனிதர்களில் இவரை மிஞ்சியவர் யார் இருக்க முடியும்? பயிற்சி வகுப்பில் வைத்திருந்தால் முழு மதிப்பெண். ஆனால் அதைப் பக்குவம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எத்தனையோ அலுவலகங்களில் மேலே இருப்பவர் கத்தும்போது முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல் கேட்டுக்கொண்டிருக்கும் எல்லோருக்கும் காப்பாற்ற வேண்டிய இன்னொரு மகன் ஏதோ ஒரு வடிவில் இருக்கிறான். கட்ட வேண்டிய கடன், வீட்டில் படுத்திருக்கும் நோயாளி, படித்துக்கொண்டிருக்கும் தம்பி.

நாற்பது நிமிடம்

இவ்வளவையும் வெகு நாளாக அந்த மேனேஜர் மீதான வழக்காக மட்டுமே நான் சேர்த்து வைத்திருந்தேன். போன வருடம் நடந்த ஒன்றுதான் அதை என் பக்கம் திருப்பிவிட்டது.

அன்று காலை எனக்கு மேலே இருப்பவரோடு போனில் நாற்பது நிமிடம். ஒரு திட்டத்தின் செலவு கூடிவிட்டது. கூட்டச் சொன்னவரே அவர்தான், ஆனால் அதைச் சொல்ல இடம் கொடுக்காமல் பேசிக்கொண்டே போனார். நான் "சரிங்க சார்", "கண்டிப்பா சார்", "பாத்துக்கறேன் சார்" என்று மட்டும் சொன்னேன். குரல் நடுங்கவில்லை. வைத்துவிட்டு, பரவாயில்லை, தேறிவிட்டோம் என்றுகூட நினைத்தேன். அடுத்த கால் மணி நேரத்தில் என் டீமில் புதிதாகச் சேர்ந்த பையன் வந்து, கிளையண்டுக்குப் பழைய பதிப்பை அனுப்பிவிட்டதாகச் சொன்னான். அவனாகவே வந்து சொன்னான். மறைக்கவில்லை.

நான் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை என்று இப்போது தோன்றுகிறது. ரொம்ப நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்து, "ஃபைல் பேரைப் படிக்கிறதுக்குக்கூட உங்களுக்கு நான் சொல்லித் தரணுமா? இதுவே இப்படின்னா பெரிய வேலையை எப்படி நம்பிக் கொடுக்கிறது?" என்றேன். பக்கத்து மேஜையில் இரண்டு பேர் தட்டச்சை நிறுத்தியது காதில் விழுந்தது. அவன் கையில் ஒரு பேனா இருந்தது. அதன் மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக நின்றான். காது மடல் சிவந்திருந்தது. "சரிங்க மேடம்", "பாத்துக்கறேன் மேடம்" என்றான். குரல் நடுங்கவில்லை.

கால் மணிக்கு முன்னால் நான் போனில் பேசிய அதே குரல் அது. சொற்கள்கூட அதேதான், சார் இருந்த இடத்தில் மேடம். அவன் திரும்பிப் போன பிறகும் அந்தப் பேனா மூடியின் 'டக், டக்' எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.

பள்ளிக்கூடத்தில் மதிப்பெண்ணுக்காக ஒப்பித்த குறள் ஒன்று அப்போதுதான் பொருளோடு வந்து நின்றது. வெகுளாமை அதிகாரத்தின் முதல் குறள்.

செல்லிடத்துக் காப்பான் சினங்காப்பான் அல்லிடத்துக்
காக்கின்என் காவாக்கால் என்.

நம் கோபம் செல்லுபடியாகும் இடம் எதுவோ, அங்கே அதை அடக்குகிறவன்தான் கோபத்தை அடக்கியவன். செல்லுபடியாகாத இடத்தில் அடக்கினால் என்ன, அடக்காவிட்டால் என்ன? பத்தாம் வகுப்பில் இதற்கு 'சினம் கூடாது' என்று ஒரே வரியில் பொருள் எழுதிவிட்டு வந்திருப்பேன். குறள் அப்படிப் பொத்தாம்பொதுவாகச் சொல்லவே இல்லை. முதல் சொல்லிலேயே இடத்தைக் கேட்கிறது. நீ எங்கே நின்று கோபப்படுகிறாய், எதிரே இருப்பவன் உனக்கு மேலா கீழா? இந்தக் கணக்கில் என் காலை நாற்பது நிமிடம் அடக்கமே இல்லை. அது பயம், அதற்குப் பெருமைப்பட ஒன்றுமில்லை. என் அடக்கத்துக்கான சோதனை அந்த நாளில் ஒன்றே ஒன்றுதான் வந்தது, பேனாவைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றது. அதில் தோற்றேன்.

அலுவலகங்களில் உணர்ச்சிக் கட்டுப்பாடு பற்றி நடக்கும் பேச்சு ஏன் எனக்கு ஒட்டவே இல்லை என்பதும் அன்றைக்குத்தான் தெளிந்தது. கட்டுப்பாட்டை அல்லிடத்தில் இருப்பவர்களிடம் கேட்கிறார்கள். பயிற்சிக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் கீழே இருப்பவர்கள். வாடிக்கையாளரிடம் திட்டு வாங்குகிறவர்கள், மேலதிகாரி முன் அழுதுவிட்டவர்கள். மேஜையை அறைகிறவருக்கு யாரும் படிவத்தில் எழுதுவதில்லை. சினம் செல்லும் இடத்தில் இருப்பவருக்குக் காவல் இல்லை, செல்லாத இடத்தில் இருப்பவருக்குத்தான் அத்தனை காவலும்.

இளிவு

ஆனால் அந்தக் குறளின் பின்பாதியோடு எனக்கு முழுச் சம்மதம் இல்லை. செல்லாத இடத்துக் கோபத்தை 'இருந்தால் என்ன, போனால் என்ன' என்று தள்ளிவிட முடியுமா? அடுத்த குறளே செல்லா இடத்துச் சினம் தீது என்கிறது. தனக்கே ஆபத்து என்ற அளவில் அது உண்மை. ஆனால் வலுவில்லாதவரின் கோபத்திலும் அழுகையிலும் ஒரு சேதி இருக்கிறது. இங்கே இப்படி ஒன்று நடந்தது என்ற சேதி.

இந்த விஷயத்தில் தொல்காப்பியம் எனக்குப் பெரிய துணை. உடம்பில் வெளிப்படும் உணர்ச்சிகளைப் பற்றிய அதன் மெய்ப்பாட்டியலில் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு வருகின்றன என்பது பலருக்கும் தெரியும். அந்தப் பட்டியலோடு நிறுத்திவிடுவதுதான் வழக்கம். அதற்குப் பிறகுதான் விசேஷம். ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைக்களன், அதாவது அது பிறக்கும் இடம், சொல்லப்படுகிறது. அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு (நிலை தாழ்வது), வறுமை. சாவுக்கும் இழப்புக்கும் முன்னால், முதல் காரணமாக நிற்பது இளிவு, பிறரால் இழிவாக நடத்தப்படுவது. வெகுளிக்கும் நான்கு: உறுப்பறை (உறுப்பை அறுப்பது), குடிகோள் (குடியைக் கெடுப்பது), அலை (அடித்து வருத்துவது), கொலை. நான்கும் யாரோ யாருக்கோ செய்யும் கொடுமைகள். பலவீனம், பக்குவமின்மை என்று எதுவும் அதில் இல்லை. அழுகிறவளைப் பார்த்தால் 'உனக்கு என்ன குறை?' என்று கேட்காமல் 'உனக்கு என்ன நடந்தது?' என்று கேட்கும் ஒரு மரபு நம்மிடம் அவ்வளவு பழையது. கிரேக்கத்தில் அரிஸ்டாட்டிலும் கோபத்துக்குக் காரணம் தேடும்போது இதே இடத்துக்குத்தான் வருகிறார். தகுதியில்லாத ஒருவர் தன்னை இளக்காரம் செய்தது, அதனால் வரும் வலி, அதற்குப் பதில் செய்யும் வேட்கை. என் கண் கலங்கியதற்கான காரணம் அந்த மீட்டிங் அறையில்தான் இருந்தது. படிவம் அதை எடுத்து எனக்குள் வைத்துவிட்டது.

எல்லாச் சமூகமும் இதை ஒரே மாதிரி பார்க்கவில்லை. பசிபிக் கடலில் இஃபாலுக் என்ற சின்னஞ்சிறு தீவில் தங்கி ஆய்வு செய்த கேத்தரின் லட்ஸ், நியாயமான கோபத்துக்கென்றே அங்கே 'சோங்' என்று தனிச்சொல் இருப்பதாக 1988இல் எழுதினார். எரிச்சலுக்கும் சிடுசிடுப்புக்கும் வேறு சொற்கள். நெறி மீறப்பட்டது என்று ஊருக்குச் சொல்லும் கோபம் மட்டும் சோங். இதற்கு நேர்மாறாக, கனடாவின் வடகோடியில் ஓர் இனூயிட் குடும்பத்தோடு 1960களில் வாழ்ந்த மானுடவியலாளர் ஜீன் பிரிக்ஸின் அனுபவம். அங்கே கோபம் குழந்தைகளுடையது, வளர வளர அறிவு வந்து அது போய்விட வேண்டும். வெளியிலிருந்து வந்த மீன்பிடிக்காரர்கள் அந்த மக்களின் படகை இரவல் வாங்கிச் சேதப்படுத்திவிட்டு, இருந்த இன்னொன்றையும் கேட்டபோது, பிரிக்ஸ் அவர்களுக்காகவே கோபப்பட்டுப் பேசிவிட்டார். அதற்கு அந்த மக்கள் அவருக்கு நன்றி சொல்லவில்லை. சத்தமில்லாமல், மரியாதை குறையாமல், மாதக்கணக்கில் அவரை விலக்கி வைத்தார்கள்.

இந்த இரண்டாவது கதை என்னைக் கொஞ்சம் தடுமாற வைத்தது, ஒத்துக்கொள்கிறேன். நான் அந்தச் சின்னப் பெண்ணுக்காகப் பேசியது அவளுக்கு உண்மையிலேயே உதவியதா, இன்னும் கூசிப்போனாளா என்று நான் கேட்கவே இல்லை. ஆனால் ஒரு வித்தியாசம் பெரிதாகத் தெரிகிறது. கோபமே கூடாது என்றால் அந்த மக்களிடம் அது எல்லோருக்கும் கூடாது. பெரியவருக்குத்தான் முதலில் கூடாது. நம் அலுவலகங்கள் இதற்கு நேர் எதிர்: இங்கே பதவி ஏற ஏறக் கோபப்படும் உரிமையும் ஏறுகிறது.

அடக்குவதால் சேதமில்லை என்பதும் சரியில்லை. எமிலி பட்லரும் அவருடன் பணியாற்றியவர்களும் 2003இல் வெளியிட்ட ஆய்வில், ஒருவரையொருவர் அறியாத பெண்களை இருவர் இருவராக உட்காரவைத்து, மனதைக் கலக்கும் படமொன்றைக் காட்டி, அதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். சிலரிடம் மட்டும் உணர்ச்சியை வெளியே காட்டாதீர்கள் என்று ரகசியமாகச் சொல்லிவைத்தார்கள். அப்படி மறைத்தவரின் எதிரே உட்கார்ந்திருந்தவருக்கும் ரத்த அழுத்தம் கூடியது. முகத்தை மூடிக்கொண்டால் எதிரே இருப்பவரின் உடம்புக்கும் அது தெரிந்துவிடுகிறது. நான் நிதானமாகப் பேசிய அன்று அந்தப் பையனின் காது சிவந்ததை நான் பார்த்தேனே.

இரண்டு நாள் கழித்து அவனைத் தனியாகக் கூப்பிட்டு, "அன்னைக்கு நான் பேசினது தப்பு. நீங்களா வந்து சொன்னதுக்கு நான் நன்றி சொல்லியிருக்கணும்" என்றேன். "பரவாயில்லை மேடம், என் நல்லதுக்குத்தானே சொன்னீங்க" என்றான். உடனே, யோசிக்காமல். அந்த 'பரவாயில்லை' எந்த இடத்திலிருந்து வருகிறது என்று தெரிந்ததால் என்னால் அதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியவில்லை. அவன் முன்னால் நான் இருக்கும் வரை அது முழுசாக நிஜமாகவும் முடியாது.

இப்போது அப்ரைசல் காலம். இந்த முறை படிவம் என் கையில் இருக்கிறது. நான்கு மாதம் முன்பு ஒரு கூட்டத்தில் இன்னொரு டீமின் தாமதத்தை அவன் தலையில் கட்டினார்கள், அவன் எழுந்து, "அது நாங்க இல்லை" என்று குரலை உயர்த்திச் சொன்னான். அவனும் நடுங்கினான். மேலிருந்து எனக்கு ஒரு குறிப்பு வந்தது, உணர்ச்சிவசப்படுகிறார் என்பதை அவன் படிவத்தில் பதிவு செய்யச் சொல்லி. அந்தக் கட்டத்தில் நான் எழுதியது: "வேறு டீமின் தாமதத்துக்குக் கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் இவர் குற்றம் சாட்டப்பட்டார். அதை மறுத்தார். மறுத்தது சரி, தேதிகள் இணைப்பில் உள்ளன."

நேற்று அது திரும்பி வந்தது. கொஞ்சம் சுருக்கி, பொதுவாக எழுத முடியுமா என்று கேட்டிருந்தார்கள். ஒரு சொல்லும் மாற்றாமல் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.